மூணும் நெகட்டிவ்

ஜாய்ஸ் அன்றைக்குச் சிரித்திருக்கக் கூடாது. மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொல்லியிருந்தால்கூட இந்தக் கதை வேறு பக்கம் போயிருக்கும். "மூணும் நெகட்டிவ்" என்ற இரண்டு சொற்களை ஒரு டாக்டரம்மா பல் தெரியச் சிரித்தபடி சொன்னால், மதுரை சிம்மக்கல்லில் லோடு வேன் ஓட்டுகிற மனிதன் அதை எப்படி எடுத்துக்கொள்வான்?

அவள் டாக்டர்தான். ஆனால் ஊசி போடுகிற டாக்டர் இல்லை, ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவள். திண்டுக்கல் ரோட்டில் இருக்கிற ஒரு தனியார் ஆய்வகத்தில் மார்பகப் புற்றுநோய்ச் செல்களை வளர்த்துப் பார்ப்பது அவள் வேலை. செல்லில் ஏற்பிகள் என்று சில உண்டு. வீட்டு வாசலில் இருக்கிற காலிங் பெல் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து யாராவது அழுத்தினால் உள்ளே இருக்கிற செல் வளரத் தொடங்கும். புற்றுநோய்க் கட்டியில் அந்தப் பெல் ஓயாமல் அடித்துக்கொண்டே இருக்கும். மார்பகக் கட்டி என்றால் மூன்று பெல்களைத் தேடிப் பார்ப்பார்கள். ஏதாவது ஒன்று இருந்துவிட்டால் ஆறுதல், அதன் ஒயரை அறுப்பதற்கு மருந்து இருக்கிறது. மூன்றுமே இல்லை என்றால் அந்த மருந்துகளால் ஒரு பிரயோஜனமும் கிடையாது. அது வேகமாக வளர்ந்து சீக்கிரம் பரவுகிற ரகம். உடனே கீமோ ஆரம்பித்தால் பிழைத்துக்கொள்கிறவர்கள் நிறைய. உடனே ஆரம்பிக்க வேண்டும், அவ்வளவுதான்.

மூன்றும் இல்லாத கட்டிகளில் யார் கண்ணிலும் படாத நாலாவது ஏற்பி ஒன்று இருக்கிறது, அது யாரும் அழுத்தாமல் தானாக அடித்துக்கொள்கிறது என்பது ஜாய்ஸின் கட்சி. அதை நிரூபிக்க, மருந்தே படாத கட்டியிலிருந்து உயிருள்ள செல்கள் வேண்டும். வருஷக்கணக்கில் முயன்றாள். வந்த செல்கள் எல்லாம் கண்ணாடித் தட்டில் செத்துச் செத்து ஒதுங்கின. பெங்களூரிலும் புனேயிலும் இருப்பவர்கள் முந்திக்கொள்வார்கள் என்று நினைத்து நினைத்தே அவளுக்கு வயிறு எரிந்தது.

அப்போதுதான் தமிழ்வாணியின் சதை வந்தது. காளவாசல் பக்கம் ஒரு நர்சிங் ஹோமில் கட்டியிலிருந்து ஊசியால் எடுத்து அனுப்பியிருந்தார்கள். அங்கே இருந்த பெரிய டாக்டர், கேன்சர் என்ற வார்த்தையை வாயில் எடுக்காத நாசூக்கான மனிதர். "ஒரு சந்தேகம் இருக்கு, டெஸ்ட் வந்ததும் பேசிக்குவோம்" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார்.

தமிழ்வாணி வாடிப்பட்டிக்குப் பக்கத்தில் அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியை. அவள் அப்பாவும் தாத்தாவும் அடுத்தவர் வயலில் நாற்று சுமந்தவர்கள். அவள் கையில் சிவப்புப் பேனா வந்ததே அந்தக் குடும்பத்துக்குப் பெரிய சங்கதி, அதை அவள் வீணாக்கவும் இல்லை. ஆராய்ச்சிக்குச் சதை கொடுக்க ஒப்புதல் படிவத்தை ஜாய்ஸ் நீட்டியபோது, முதலில் அதிலிருந்த ஒற்றுப்பிழைகளைத் திருத்தினாள், பிறகுதான் கையெழுத்துப் போட்டாள்.

டெஸ்ட் முடிவு வந்த அன்று அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் பரீட்சை. கணவன் சிவபாண்டி மட்டும் வேனை வெளியே நிறுத்திவிட்டு வந்து, ஆய்வக வராந்தாவில் செருப்பைக் கழற்றிப் போட்டு நின்றிருந்தான். ஜாய்ஸ் உள்ளேயிருந்து ஓடாத குறையாக வந்தாள். அவள் தேடிய ரகம், சின்ன வயசு உடம்பு, மருந்து படாத கட்டி, அதற்கும் மேலாகத் தட்டில் செல்கள் பிடித்து வளரத் தொடங்கியிருந்தன.

"மூணும் நெகட்டிவ்ணே" என்றாள்.

கொரோனா சமயத்தில் சிவபாண்டியின் அப்பா கண்ணுச்சாமிக்குப் பாசிட்டிவ் என்று வந்தது. ஆம்புலன்ஸில் ஏறிப் போனவரை மூட்டையாகக் கட்டித் தூரத்தில் வைத்துக் காட்டினார்கள். அவனுக்கும் தமிழ்வாணிக்கும் நெகட்டிவ் என்று வந்தது, இருவரும் உயிரோடு இருக்கிறார்கள். அந்த வார்த்தைக்கு அவன் படித்த அர்த்தம் அதுதான். ஊர் முழுக்கப் படித்த அர்த்தமும் அதுதான். சிவபாண்டி அந்த வராந்தாவிலேயே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். ஜாய்ஸ் பதறிப்போய், "ஐயோ, எந்திரிங்கண்ணே" என்றாள். அவன் விழுந்தது எதற்கு என்று அந்த நிமிஷத்தில் அவளுக்குப் புரியவில்லை. அதுவரை அவள் மேல் குற்றம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

புரிந்தது அடுத்த வாரம், அவன் போன் பண்ணியபோது.

"டாக்டரம்மா, வர்ற ஞாயித்துக்கெழம எங்க கருப்பு கோயில்ல கெடா வெட்டுறோம். அவளுக்கு ஒண்ணுமில்லைன்னு வந்தா வெட்டுறதா வேண்டுதல். நல்ல சேதி சொன்ன வாய்க்கு மொத எல போடணும், கண்டிப்பா வந்துருங்க."

வருவதாகச் சொல்லி ஜாய்ஸ் போனை வைத்தாள். போனிலேயே சொல்லியிருக்கலாம். இதை எல்லாம் நேரில்தான் சொல்ல வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லத்தான் போனாள், அதையும் நான் மறைக்க வேண்டியதில்லை.

வாடிப்பட்டி தாண்டி, வயலுக்கு நடுவே வேப்பமரத்தடியில் கோயில். சாமியானா, மைக் செட், நாலு பெரிய அண்டா. ஜாய்ஸ் காரைவிட்டு இறங்கும்போது சிவபாண்டி மைக்கில் பேசிக்கொண்டிருந்தான்.

"சொந்தபந்தம் அம்புட்டு பேருக்கும் சொல்லிக்கிறேன். எங்க வீட்டுக்காரம்மாவுக்கு எடுத்த டெஸ்ட்டு மூணும் நெகட்டிவ். ஒண்ணு இல்ல, ரெண்டு இல்ல, மூணும். இந்தா வாராங்க பாருங்க, இவங்கதான் அந்த டாக்டரம்மா."

ஜனங்கள் கை தட்டினார்கள். யாரோ ஒரு கிழவி வந்து ஜாய்ஸின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். முதல் இலை போட்டு, ஈரலைத் தனியாக வதக்கி அவளுக்கென்று எடுத்து வைத்திருந்ததைப் பரிமாறினார்கள். பந்தியில் எதிரே தமிழ்வாணி உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் எலும்பைக் கடிக்கத் தெரியாமல் முழித்துக்கொண்டு அவள் மகள்.

தமிழ்வாணி மட்டும்தான் கேட்டாள்.

"மேடம், எனக்கு ஒண்ணு தெரியணும். மூணு நெகட்டிவ்னு இவரு சொல்றாரு. எந்த மூணு?"

இதைவிட நல்ல வாய்ப்பு ஒருத்திக்குக் கிடைக்காது. கேள்வியை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டாள். ஜாய்ஸ் வாயைத் திறந்தாள். அதே நேரத்தில் அவள் மூளை வேறொரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. இந்தக் கட்டி இன்னும் இரண்டு மாதம் மருந்தே படாமல் வளர்ந்தால், அதிலிருந்து இன்னொரு முறை சதை எடுத்தால், நாலாவது ஏற்பி எப்படிப் பெருகியிருக்கிறது என்று முன்னும் பின்னும் வைத்துப் பார்க்கலாம். அப்படி ஓர் ஆய்வுக்கு உலகத்தில் எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதி தராது. யாரும் தராத அனுமதியை இந்த ஜனங்கள் கிடாவெட்டி மைக் வைத்துத் தருகிறார்கள்.

"ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர் டூ" என்றாள்.

"அதெல்லாம் எனக்கு இல்லையா?"

"இல்ல டீச்சர்."

"நல்லவேள" என்றாள் தமிழ்வாணி, மகளுக்கு எலும்பிலிருந்து கறியைப் பிய்த்துக் கொடுத்தபடி.

பாருங்கள், ஒரு பொய் கிடையாது. கோர்ட்டில் நிறுத்தினாலும் நிற்கும். பொய் சொல்லாமலே ஒருத்தியைக் குழியில் தள்ள முடியும் என்று நான் தெரிந்துகொண்டது இந்த இடத்தில்தான்.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது சிவபாண்டி சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினான். "அந்தப் பெரிய டாக்டர்ட்ட ஒரு எட்டு போகணுமா டாக்டரம்மா? ரிசல்ட்டு வந்ததும் வரச் சொன்னாரு."

ஜாய்ஸ் விரல்களை ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவினாள்.

"ரிசல்ட்ட அவருக்கும் அனுப்பியாச்சுண்ணே. ரெண்டு மாசம் கழிச்சு டீச்சர எங்கிட்டக் கூட்டிட்டு வாங்க. இன்னொரு டெஸ்ட் எடுத்துப் பாத்துருவோம்."

"இம்புட்டு அக்கறையா யாரு பாக்குறா" என்று சிவபாண்டி கண் கலங்கினான். போகும்போது தூக்குவாளி நிறையக் குழம்பும் கொடுத்தனுப்பினான். ஜாய்ஸின் அம்மா பிலோமினாள், மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவர், இரண்டு நாள் வைத்துச் சாப்பிட்டு, நல்ல கைப்பக்குவம் என்றார்.

நர்சிங் ஹோமுக்கும் ரிசல்ட் போய்ச் சேர்ந்திருந்தது. ஆள் வரவில்லை என்றதும், வேறு ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார்கள் என்று அவர்களும் விட்டுவிட்டார்கள். மதுரையில் அது வழக்கம்தான். ஒரே நோய்க்கு நாலு ஆஸ்பத்திரி ஏறி இறங்குகிற ஊர் இது.

அதற்குப் பிறகு ஜாய்ஸின் நாட்கள் சந்தோஷமாகப் போயின. தமிழ்வாணியின் செல்கள் தட்டு நிறைய வளர்ந்தன, அவற்றைப் பிரித்துப் பிரித்து வேறு தட்டுகளில் விட்டாள். டப்பாக்களின் மேல் 'தவா-1' என்று எழுதி ஒட்டினாள். அவற்றுக்கு ரோஸ் நிறத்தில் ஒரு திரவம்தான் சாப்பாடு. பழசை உறிஞ்சிவிட்டுப் புதுசு ஊற்ற வேண்டும், தள்ளிப்போட்டால் வாடிவிடும்.

"ஞாயித்துக்கெழமகூட பூசைக்கு வராம அப்படி என்னடி வேல?" என்று பிலோமினாள் கேட்டார்.

"செல்லுக்கு சாப்பாடு மாத்தணும்மா. விட்டா செத்துப்போகும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வருவது இங்கேதான். ஒரு ஸ்பூன் செல்லுக்காக ஆண்டவருக்கே லீவு போட்டவள் இவள். செல்லுக்குச் சொந்தக்காரிக்கு ஒரு போன் போட இவளுக்கு விரல் மடங்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து சிவபாண்டி சொன்ன சொல் தவறாமல் கூட்டிக்கொண்டு வந்தான். கட்டி நெல்லிக்காயிலிருந்து எலுமிச்சம்பழமாகியிருந்தது.

"பெருசாகுதே மேடம்" என்றாள் தமிழ்வாணி.

"இந்த நெகட்டிவ் கட்டி வளரத்தான் செய்யும் டீச்சர்" என்றாள் ஜாய்ஸ். இதுவும் உண்மைதான்.

அன்றைக்கு அந்த நர்சிங் ஹோமுக்கு அனுப்பாமல், ஜாய்ஸுக்குத் தெரிந்த வேறொரு டாக்டரை வரவழைத்து ஊசியால் சதை எடுத்தார்கள். நாலாவது ஏற்பி ஜாய்ஸ் கனவு கண்டதைவிடப் பல மடங்கு பெருகியிருந்தது. ஆய்வகத் தலைவர் ஜெரால்ட், கம்ப்யூட்டர் திரையில் முன்படத்தையும் பின்படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"பிரமாதம்மா. ஆனா எனக்கு ஒண்ணுதான் புரியல. இந்தக் கட்டிய வச்சுக்கிட்டு ரெண்டு மாசம் மருந்தே எடுக்காம எப்படி இருந்தாங்க?"

"கிராமத்து ஆளுங்க சார்" என்றாள் ஜாய்ஸ். "சொன்னாக் கேக்க மாட்டாங்க."

இது மட்டும்தான் அவள் சொன்ன பொய். ஜெரால்ட் உச்சுக் கொட்டினார், பிறகு கட்டுரையை எங்கே அனுப்பலாம் என்று பேச ஆரம்பித்தார்.

மழைக்காலம் தொடங்கும்போது தமிழ்வாணியால் வகுப்பில் செய்யுளை ஒரே மூச்சில் வாசிக்க முடியவில்லை. படி ஏறினால் இரைத்தது. வேறொரு ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தாள். அங்கே இருந்த டாக்டர் வயசில் சின்னவள், நாசூக்கு தெரியாதவள். கேன்சர், நுரையீரலிலும் ஈரலிலும் போய்விட்டது, நெஞ்சுக்குள் தண்ணீர் கோத்திருக்கிறது என்று நேரடியாகச் சொன்னாள். பழைய டெஸ்டைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு, "இத வச்சுக்கிட்டா இத்தன நாள் சும்மா இருந்தீங்க?" என்றும் கேட்டாள். அந்தக் கேள்வி வந்தபோது சிவபாண்டி மருந்துக்கடைக்குப் போயிருந்தான்.

மறுவாரம் இருவரும் ஜாய்ஸைப் பார்க்க வந்தார்கள்.  சண்டை போடத்தான் வருகிறார்கள் என்று ஜாய்ஸ் வாட்ச்மேனைப் பக்கத்திலேயே நிற்கச் சொல்லியிருந்தாள். சிவபாண்டி வந்தவுடன் வராந்தாவில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டான்.

"அன்னிக்கு இல்லாதது இப்ப வந்துருச்சு டாக்டரம்மா. எங்க குத்தமோ தெரியல, கெடா வெட்டுனதுல எதுவும் கொற வச்சுட்டமோ என்னமோ. உங்க கையி ராசியான கையி. இன்னொரு தடவ டெஸ்ட் எடுத்து, அன்னிக்கு மாதிரி நெகட்டிவ்னு சொல்லிருங்க."

 ஜாய்ஸ் வாட்ச்மேனைப் போகச் சொல்லிக் கை காட்டினாள்.

"ஏங்க, தொண்ட காயுது. எல்லாருக்கும் ஒரு டீ வாங்கிட்டு வாங்க" என்றாள் தமிழ்வாணி. அவன் போனதும், மூச்சு சமனாகும்வரை காத்திருந்தாள். பிறகு தன்னுடைய செல்லைப் பார்க்க வேண்டும் என்றாள்.

ஜாய்ஸ் அவளை மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார வைத்தாள். தமிழ்வாணி ஒரு கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நெருக்கியடிச்சு நிக்கிதே. செழிப்பா இருக்கு."

"ஆமா டீச்சர்."

"நல்லாப் பாத்துக்கிறீங்க." கண்ணை எடுக்காமலே கேட்டாள். "அன்னிக்குப் பந்தியில எந்த மூணுன்னு கேட்டேன். அது இல்லாட்டி என்ன ஆகும்னு கேக்காம விட்டுட்டேன். பசங்க இல்லைன்னு முடிச்சா, இல்லாட்டி என்னன்னு கேக்குறவ நானு. எனக்கு அது தோணல. உயிராச, வேறென்ன. உங்களுக்குத் தெரியும்ல?"

ஜாய்ஸ் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "டீச்சர், நான் வைத்தியம் பாக்குற டாக்டர் இல்ல. பெரிய டாக்டர் சொல்லியிருக்கணும். அவரு சொல்லல. நர்சிங் ஹோம்லயும் சொல்லல. இங்க வச்சும்... சொல்லல."

தமிழ்வாணி இப்போது நிமிர்ந்தாள்.

"பத்தாம் வகுப்புக்கு நடத்துறேன் மேடம். சொன்னேன்னா நான், சொன்னான்னா அவன். வினையப் பாத்தாலே ஆளு தெரிஞ்சிரும். சொல்லவில்லைன்னு போட்டா மட்டும் ஆளு தெரியாது. நான் சொல்லவில்லை, அவன் சொல்லவில்லை, அவர்கள் சொல்லவில்லை. எல்லாத்துக்கும் ஒரே வார்த்த. ஒளிஞ்சிக்கிறதுக்குத் தோதான வார்த்த." மூச்சு வாங்கியது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிறுத்தி, மறுபடி தொடங்கினாள். "கடைசியாச் சொன்னீங்களே, இங்க வச்சு சொல்லலைன்னு. அதுக்கு எழுவாய் வரல."

ஜாய்ஸ் மேஜையைப் பார்த்தாள். மேஜைமேல் ஒரு புது ஒப்புதல் படிவம் இருந்தது. அவர்கள் வருகிறார்கள் என்று போன் வந்தவுடனே அச்செடுத்து வைத்தது. வாட்ச்மேனை நிற்கச் சொன்ன அதே கை அதையும் எடுத்து வைத்திருந்தது. கட்டி வளர்ந்ததற்கு இரண்டு படம் இருக்கிறது. பரவிய பிறகு நெஞ்சிலிருந்து எடுக்கிற நீரில் மிதக்கும் செல்கள் கிடைத்தால் மூன்றாவது படமும் ஆகிவிடும், கட்டுரை முழுமையாகிவிடும்.

தமிழ்வாணியும் படிவத்தைப் பார்த்தாள். தலைப்பை வாசித்தாள். அவள் முகத்தில் ஆச்சரியம்கூட வரவில்லை.

"நெஞ்சுல தண்ணி எடுக்குறப்ப கொஞ்சம் வேணுமாக்கும்?"

"கட்டாயமில்ல டீச்சர்" என்றாள் ஜாய்ஸ். "ஆனா அந்த நாலாவதுக்கு மருந்து கண்டுபிடிக்க அது ரொம்ப..."

"கையெழுத்துப் போடுறேன். எழுவாயச் சொல்லுங்க."

அவமானத்தில் அழுதிருந்தால் நான் அவளை மன்னித்திருப்பேனோ என்னவோ. ஜாய்ஸ் கதவுப் பக்கம் ஒரு தடவை திரும்பி, சிவபாண்டி வரவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டாள்.

"நான்" என்றாள். "நான் சொல்லல." பெயர் கூப்பிட்டால் உள்ளேன் ஐயா என்கிற பிள்ளையின் குரல் அது.

தமிழ்வாணி கைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தாள். பழைய படிவத்தில் திருத்திக் கொடுத்த ஒற்றுப்பிழைகள் இதிலும் அப்படியே இருந்தன. இந்தத் தடவை அவள் திருத்தவில்லை. கையெழுத்தை மட்டும் போட்டாள்.

"உங்களுக்காக இல்ல. எனக்கு மக இருக்கா. இது தாய்வழியா வருமாம், அந்தச் சின்ன டாக்டர் சொன்னாங்க." பேனாவை மூடினாள். "அவருக்குத் தெரிய வேணாம். ஊரக் கூட்டி மைக்ல சொன்னது அவருதான். தெரிஞ்சா தாங்க மாட்டாரு, ஒண்ணு கெடக்க ஒண்ணு பண்ணிக்கிருவாரு. பிள்ளைக்கு ஒருத்தராவது வேணும்."

ஜாய்ஸ் சரி என்று தலையாட்டினாள். யாருக்கும் தெரியப்போவதில்லை என்று நெஞ்சுக்குள் இறங்கிய நிம்மதியை அவளால் மறைக்க முடியவில்லை. தமிழ்வாணி அதையும் பார்த்துவிட்டாள்.

சிவபாண்டி தூக்குவாளியில் டீயும் கையில் காகிதக் கப்புகளுமாக வந்தான். மேஜைமேல் கையெழுத்துப் போட்ட தாளைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது.

"டெஸ்டுக்கா டாக்டரம்மா? நெகட்டிவ்னு வந்துருமா?"

ஜாய்ஸ் தமிழ்வாணியைப் பார்த்தாள்.

"வரும்ங்க" என்றாள் தமிழ்வாணி. "எனக்கு எப்பவும் நெகட்டிவ்தான்."

சிவபாண்டி கருப்பு சாமியை நினைத்து விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, முதல் கப்பை டாக்டரம்மாவிடம் நீட்டினான். ஜாய்ஸ் வாங்கிக் குடித்தாள்.